பிரஷ்யக் குதிரைப்படைத் தளபதி சைட்லிட்ஸ்: வெறும் துணிச்சல்காரரா?

கோட்டைமேடு:
ஏழாண்டுப் போர் (1756–63; பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசு ஆஸ்திரியா, பிரான்ஸ், ரஷ்யாவோடு மோதியது) என்றாலே பேச்சு பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கோடு நின்றுவிடுகிறது. அவருக்காகக் குதிரையேறியவர்களில் ஒருவரைப் பற்றித் தனியாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை. பெயர் பிரெடெரிக் வில்ஹெல்ம் ஃபான் சைட்லிட்ஸ்.

1721 பிப்ரவரி 3-ஆம் தேதி ரைன் நதிப் பக்கம் கால்கார் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவும் குதிரைப்படை அதிகாரிதான். பையன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பதின்வயதில் ஷ்வெட் ஊர்ச் சிற்றரசரிடம் எடுபிடியாகப் போய்ச் சேர்ந்தான் சைட்லிட்ஸ். அந்தச் சிற்றரசர் ஊரறிந்த கிறுக்கர். பழக்காத குதிரையில் ஏறு, காட்டு மான் முதுகில் ஏறு என்று பையன்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பார். சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலையின் இறக்கைகளுக்கு நடுவே சைட்லிட்ஸ் குதிரையை விட்டு ஓட்டினான் என்ற கதை அந்தக் காலத்தது.

இந்தக் காற்றாலைக் கதையால்தான் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. அவரைப் பற்றி எழுதும் எல்லாரும் இதில் தொடங்கி, 'அஞ்சாநெஞ்சன், முரட்டுக் குதிரைக்காரன்' என்று முடித்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. துணிச்சல் அந்தப் படையில் பலரிடம் இருந்தது. சைட்லிட்ஸிடம் மட்டும் இருந்தது, பாய்ந்த குதிரைப்படையை நிறுத்தித் திரும்ப ஒன்றுசேர்க்கும் திறமை. அப்புறம், பாயக் கூடாத நேரத்தில் பாயாமல் இருக்கும் நிதானம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வரலாம்.

மேகலா_வாசிப்பு:
ஐயா, தொடர்வதற்கு முன் ஒரு சந்தேகம். ஹுஸ்ஸார், டிராகூன், குய்ராசியர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாரும் குதிரையில் போகிறவர்கள்தானே? என்ன வித்தியாசம்? ஸ்குவாட்ரன் என்றால் எத்தனை பேர்?

கோட்டைமேடு:
சுருக்கமாகச் சொல்கிறேன். குய்ராசியர் என்றால் பெரிய குதிரை, பெரிய ஆள், மார்பில் இரும்புக் கவசம், நீண்ட நேரான வாள். போரில் மோதி உடைப்பது அவர்கள் வேலை. ஹுஸ்ஸார் என்றால் சின்னக் குதிரை, வளைந்த வாள். வேவு பார்ப்பது, எதிரியின் உணவு வண்டிகளை மடக்குவது, ஓடுகிறவனைத் துரத்துவது. ஹங்கேரிப் பாணி. டிராகூன் நடுவில் இருப்பவர். ஆதியில் குதிரையில் போய் இறங்கிச் சண்டை போட்டவர்கள், இந்தக் காலத்தில் கிட்டத்தட்ட முழுக் குதிரைப்படை. ஸ்குவாட்ரன் என்பது ஏட்டுக்கணக்கில் நூற்றைம்பது பேருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. களத்தில் நோய், காயம், செத்த குதிரை எல்லாம் போக அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சைட்லிட்ஸ் இந்த மூன்றிலும் வேலை பார்த்தவர். 1740-ல் குய்ராசியர் படையில் கடைநிலை அதிகாரி, 1743-ல் ஹுஸ்ஸார் கேப்டன், பிறகு கொஞ்ச காலம் டிராகூன், 1753 முதல் சைலீசியாவில் (ஆஸ்திரியாவிடமிருந்து பிரஷ்யா பிடித்த மாகாணம்) ஓலாவ் நகரிலிருந்த 8-ஆவது குய்ராசியர் படைப்பிரிவு. ஹுஸ்ஸார்களின் சுறுசுறுப்பைக் கனரகப் படைக்குள் கொண்டுவர முடிந்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செவ்வங்கி:
கோட்டைமேடு அண்ணன் இழை திறந்தால் நான் வராமல் இருப்பேனா? நான் ஸீட்டன் ரசிகன், எல்லாருக்கும் தெரியும். ஹான்ஸ் யோவாக்கிம் ஃபான் ஸீட்டன், 1699-ல் பிறந்து 1786 வரை வாழ்ந்த கிழவர், சிவப்பு ஹுஸ்ஸார்களின் தலைவர். பிரஷ்யக் குதிரைப்படை தேறியது அவரால். அந்த விதையில் வந்த விளைச்சலை சைட்லிட்ஸ் அறுத்தார்.

இன்னொன்று. 1741 ஏப்ரலில் மோல்விட்ஸ் சண்டையில் பிரஷ்யக் குதிரைப்படை ஆஸ்திரியர்களிடம் செம அடி வாங்கியது. காலாட்படை நின்றதால்தான் வெற்றி. மன்னரே தோல்வி என்று நினைத்துக் களத்தைவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவர் குதிரைப்படையை அடியோடு மாற்றினார். எதிரி பாயும்வரை நின்றுகொண்டிருக்கும் அதிகாரிக்கு வேலை போகும் என்று உத்தரவு போட்டார். நின்று துப்பாக்கி சுடுவதை ஒழித்தார், வாளை உருவிக்கொண்டு முழுப் பாய்ச்சலில் போகச் சொன்னார். ஆக, முறை மன்னருடையது, முன்னோடி ஸீட்டன். சைட்லிட்ஸ் நல்ல நேரத்தில் பிறந்த நல்ல மாணவர். அவ்வளவுதான்.

கோட்டைமேடு:
தம்பி, முறை மன்னருடையது என்பதை யார் மறுத்தது? ஆனால் அதே முறையில் பயின்றவர்கள் கோலினில் என்ன ஆனார்கள்? 1757 ஜூன் 18, ஆஸ்திரியத் தளபதி டௌனிடம் பிரெடெரிக் தோற்ற நாள். அன்று சைட்லிட்ஸின் குய்ராசியர்கள் எதிரி வரிசையைப் பிளந்துகொண்டு போனார்கள். பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. கிடைத்த இடம் கைவிட்டுப் போனது. அழகான பாய்ச்சல், பலன் பூஜ்யம். இந்தப் பாடம் அவருக்கு உறைத்தது என்பதை அதே ஆண்டு நவம்பரில் பார்க்கிறோம்.

கோலினுக்குப் பிறகு அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி கிடைத்தது. வாழ்த்தியவர் உங்கள் ஸீட்டன்தான். 'காலம் கடந்துதான் வந்திருக்கிறது, எனக்கு இப்போதே முப்பத்தாறு வயது' என்று சைட்லிட்ஸ் பதில் சொன்னதாகக் கதை.

செவ்வங்கி:
பார்த்தீர்களா, வாழ்த்தும் பெருந்தன்மை எங்கள் ஆளுக்குத்தான் இருந்திருக்கிறது :)

நாணல்:
அந்த நவம்பர் சண்டைக்கு, ரோஸ்பாக்குக்கு, போவதற்கு முன் கோத்தாவை விட்டுவிடாதீர்கள். எனக்கு சைட்லிட்ஸ் பிடித்துப்போனதே அந்தக் கூத்தால்தான்.

1757 செப்டம்பர் 19. கோத்தா நகரில் சைட்லிட்ஸிடம் இருந்தது 1500 குதிரை வீரர்கள். பிரெஞ்சுத் தளபதி சுபீஸும் பேரரசுப் படை (ஜெர்மானியச் சிற்றரசுகளின் கூட்டுப்படை) தளபதி ஹில்ட்பூர்க்ஹவுசனும் பல ஆயிரம் பேரோடு வந்தார்கள். சைட்லிட்ஸ் சண்டை போடாமல் ஊரைவிட்டு விலகினார். வந்தவர்கள் கோட்டை அரண்மனையில் விருந்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அவரோ தன் ஆட்களை இடைவெளி விட்டு நீளமாக நிறுத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பெரிய படை போலத் தெரியும்படி செய்துகொண்டு திரும்பி வந்தார். பிரஷ்யப் படை முழுவதும் வந்துவிட்டது என்று வதந்தியும் கிளம்பியது. தளபதிகள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள். அந்த விருந்து பிரஷ்ய அதிகாரிகளின் வயிற்றுக்குள் போனது.

சிறைப்பட்டவர்களில் சிப்பாய்கள் கொஞ்சம்தான். சமையல்காரர்கள், முடி அலங்காரம் செய்பவர்கள், நடிகைகள், பணியாட்கள்தான் அதிகம். கூடவே வாசனைத் திரவியப் பெட்டிகள், கிளிக்கூண்டுகள். ஆட்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பெரிய சண்டைகூட இல்லாமல் பிரெஞ்சுப் படை ஐரோப்பாவின் கேலிப்பொருள் ஆனது. இதில் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது? முழுக்கத் தலைக்குள் நடந்த வேலை. ஆகவே என் ஓட்டு கோட்டைமேட்டுக்கு.

கோட்டைமேடு:
நன்றி நாணல். இப்போது ரோஸ்பாக். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1757 நவம்பர் 5. சாக்சனியில் ஸாலே நதிக்கு மேற்கே பிரெடெரிக்கிடம் சுமார் 22,000 பேர். எதிரே அதே சுபீஸ், அதே ஹில்ட்பூர்க்ஹவுசன், 41,000 பேர். பிரஷ்யர்களைத் தெற்கே சுற்றிவந்து பின்னால் மடக்குவது அவர்கள் திட்டம். ரோஸ்பாக் ஊர்ப் பெரிய வீட்டின் கூரைமேல் காவுடி என்ற கேப்டனை உட்காரவைத்திருந்தார்கள். எதிரி தெற்கே திரும்புவதைப் பார்த்து அவர் ஓடிவந்து சொன்னார். மன்னர் மதியச் சாப்பாட்டில் இருந்தார், முதலில் நம்பவில்லை. நம்பியதும் கூடாரங்கள் மளமளவென்று சரிந்தன. தூரத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் 'ஓடுகிறார்கள்' என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்கள்.

குதிரைப்படை மொத்தத்தையும் சைட்லிட்ஸிடம் கொடுத்தார் மன்னர். அங்கே இருந்த ஜெனரல்களில் அவரைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். 'கனவான்களே, நான் மன்னருக்குக் கட்டுப்படுகிறேன், நீங்கள் எனக்குக் கட்டுப்படுங்கள்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாராம். அவர் சொன்னதாகச் சொல்லப்படும் வசனங்களில் இதுதான் அவர் குணத்துக்கு மிகப் பொருத்தம்.

யானுஸ் குன்று என்று ஒன்று உண்டு. பெயர்தான் குன்று, உண்மையில் மெல்ல ஏறி இறங்கும் மேட்டுநிலம். ஆனால் அதன் மறுபக்கம் போகும் படை இந்தப் பக்கத்தவன் கண்ணில் படாது. 38 ஸ்குவாட்ரன்கள், ஏறக்குறைய 4000 குதிரைகள், அந்த மேட்டின் மறைவில் எதிரியின் தலைப்பகுதியை முந்திக்கொண்டு போயின. மேட்டின் மேல் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் சைட்லிட்ஸ் தன் களிமண் புகைக்குழாயை வானத்தில் வீசினார். அதுதான் சைகை. இரண்டு வரிசையாகக் குதிரைகள் மேட்டு விளிம்பைத் தாண்டி இறங்கின. முன்னால் வந்துகொண்டிருந்த எதிரிக் குதிரைப்படைக்கு அணிவகுக்கக்கூட நேரமில்லை. ஆஸ்திரியக் குய்ராசியர்கள் மட்டும் நின்று சண்டை போட்டார்கள். மற்றவர்கள் உடைந்து ஓடினார்கள்.

எல்லாரும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் இதற்கு அடுத்த அரைமணி நேரம். எதிரியைத் துரத்தத் தொடங்கிய குதிரைப்படை திரும்பி வராது, இது அந்தக் காலத்து எல்லாப் படைக்கும் பொருந்தும். குதிரைக்கு வெறி, ஆளுக்குக் கொள்ளை ஆசை. சைட்லிட்ஸ் திரும்ப அழைக்கும் ஊதுகுழலை ஊதச் சொன்னார். வந்தார்கள்! டாகெவெர்பன் ஊர்ப்பக்கம் ஒரு பள்ளத்தில் மறுபடி வரிசை சேர்த்துக் காத்திருந்தார். இந்தப் பக்கம் மன்னரின் தம்பி ஹென்ரி இளவரசரின் காலாட்படை சுட்டுக்கொண்டே வந்தது. பிரெஞ்சுக் காலாட்படை தடுமாறத் தொடங்கிய அந்தக் கணத்தில் அவர்களின் பக்கவாட்டில் இரண்டாவது பாய்ச்சல். முடிந்தது கதை.

முழுச் சண்டையும் ஒன்றரை மணி நேரத்துக்குள். பிரஷ்யக் காலாட்படையில் ஏழு பட்டாளங்கள்தான் சுட்டன. பிரஷ்யர்களுக்கு 550 பேர் அளவில் இழப்பு, எதிரிக்குச் சுமார் 10,000, அதில் பாதிக்கு மேல் கைதிகள். சைட்லிட்ஸுக்கும் காயம். லெப்டினன்ட் ஜெனரல் பதவியும் கருங்கழுகு விருதும் கிடைத்தன.

ஏட்டுச்சுரை:
நல்ல வர்ணனை, ஆனால் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். ரோஸ்பாக்கில் எதிரி யார் என்பதையும் பாருங்கள். இரண்டு தளபதிகளுக்கு ஒத்துப்போகவில்லை. பேரரசுப் படை என்பது சின்னச் சின்ன சமஸ்தானங்கள் அனுப்பிய கலவை. முன்னால் சரியான வேவுப்படை இல்லாமல் நெடுவரிசையில் நடந்து வந்தார்கள். அப்படி வருகிறவனை அடிக்கப் பெரிய மேதை வேண்டாம்.

இன்னொன்று, வசனங்கள். புகைக்குழாய், 'கனவான்களே', காற்றாலை, பாலத்திலிருந்து குதிரையோடு ஆற்றில் குதித்தது... பெர்லினில் ஃபார்ன்ஹாகன் ஃபான் என்ஸெ அவருடைய வாழ்க்கையை எழுதியது 1834-ல், ஆள் இறந்து அறுபது ஆண்டுக்குப் பிறகு. நெப்போலியனிடம் அடிவாங்கி எழுந்த ஒரு நாடு பழைய வீரர்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கதைகளுக்கு மெருகு ஏறாமல் இருக்குமா?

மேகலா_வாசிப்பு:
பாலத்திலிருந்து குதித்த கதை என்ன? அதையும் சொல்லிவிட்டு அப்புறம் பொய் என்று சொல்லுங்கள் :)

ஏட்டுச்சுரை:
முதல் சைலீசியப் போரில், 1742-ல், சைட்லிட்ஸ் ஆஸ்திரியர்களிடம் சிறைப்பட்டார். இது உண்மை. பிறகு கைதிப் பரிமாற்றத்தில் வெளியே வந்தார். குதிரைமேல் இருக்கும் வீரன் சிறைப்படவே கூடாது என்று அவர் பெருமையாகப் பேசியதை மன்னர் கேட்டு வைத்திருந்தாராம். ஒருநாள் பாலத்தின் நடுவே அவரை நிறுத்தி, முன்னும் பின்னும் வழியை அடைத்து, 'இப்போது நீ என் கைதி, என்ன செய்வாய்?' என்றாராம். சைட்லிட்ஸ் குதிரையோடு ஆற்றில் பாய்ந்து கரையேறினாராம். அங்கேயே பதவி உயர்வு. சினிமாவுக்கு நன்றாக இருக்கும்.

கோட்டைமேடு:
ஏட்டுச்சுரை சார், கதைகளைக் கழித்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. புகைக்குழாயை வீசினாரா தொப்பியை ஆட்டினாரா என்பதால் என் வாதம் மாறாது. இரண்டாவது பாய்ச்சல் நடந்தது என்பதை யாரும் மறுக்கவில்லையே. எதிரி மோசம் என்றால், அடுத்த ஆண்டு சோர்ன்டோர்ஃபில் எதிரில் நின்றவர்கள் ரஷ்யர்கள். சுட்டாலும் விழாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அங்கே பார்ப்போம்.

1758 ஆகஸ்ட் 25. ஃபெர்மோர் தலைமையில் 43,000 ரஷ்யர்கள், பிரெடெரிக்கிடம் 36,000. காலையில் பிரஷ்யர்களின் இடப்பக்கத் தாக்குதல் சொதப்பியது. காலாட்படை சிதறியது. சைட்லிட்ஸ் 36 ஸ்குவாட்ரன்களோடு இடக்கோடியில், ஸாபெர்ன் பள்ளம் என்ற சேற்று ஓடைக்கு மறுகரையில் நின்றார். மன்னரிடமிருந்து ஆள்மேல் ஆள் வந்தது: 'உடனே பாயுங்கள்.' அவர் அசையவில்லை. 'தலை போகும்' என்று மிரட்டலும் வந்ததாகச் சொல்வார்கள். 'சண்டை முடிந்த பிறகு என் தலை மன்னருக்குச் சொந்தம், அதுவரை அதை அவருடைய வேலைக்கே பயன்படுத்த அனுமதிக்கட்டும்' என்பது புகழ்பெற்ற பதில். சரி, அதையும் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது என்ன? காத்திருந்தார். ஓடையைக் கடக்க வழிகளைச் சரிபார்த்து வைத்தார். ரஷ்யர்கள் வெற்றி என்று நினைத்து வரிசை கலைந்து முன்னேறி வந்ததும், பக்கவாட்டில் போய் விழுந்தார். ரஷ்ய வலப்பக்கம் உருக்குலைந்தது. பிற்பகலில் மறுகோடியில் நிலைமை கெட்டபோது, அதே களைத்த குதிரைகளையும் இன்னும் பல ஸ்குவாட்ரன்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி பாய்ந்தார்.

ரஷ்யர்களுக்கு 18,000 பேர் இழப்பு, பிரஷ்யர்களுக்கு 12,000-க்கு மேல். வெற்றி என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டன. வாழ்த்திய ஆங்கிலத் தூதரிடம், இவர் இல்லையென்றால் நம் பாடு திண்டாட்டம் என்று மன்னர் சைட்லிட்ஸைக் காட்டினாராம்.

செவ்வங்கி:
சோர்ன்டோர்ஃபை ஒப்புக்கொள்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் ஒரு தளபதிக்குக் குதிரைப்படை மட்டும் தெரிந்தால் போதுமா? 1760 நவம்பர் 3, டோர்காவ். இரவில், காலாட்படையைக் கூட்டிக்கொண்டு சுப்டிட்ஸ் மேட்டைப் பிடித்து, தோற்ற சண்டையை மீட்டவர் ஸீட்டன். வயது அறுபத்தொன்று. அப்போது உங்கள் ஆள் எங்கே?

நாணல்:
உடம்பு முடியாமல் இருந்தார், செவ்வங்கி. 1759 ஆகஸ்ட் 12 குனர்ஸ்டோர்ஃபில் கையில் பலத்த காயம். அந்தச் சண்டையே பிரெடெரிக்கின் வாழ்க்கையில் மிக மோசமான நாள். குளங்களும் மணல்மேடும் நிறைந்த இடம், குதிரை ஓடுவதற்கு லாயக்கில்லாத நிலம். 50,000 பேரில் கிட்டத்தட்ட 19,000 பேர் போனார்கள். சைட்லிட்ஸ் களத்தைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்ட பிறகு குதிரைப்படை கட்டுக்குலைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் பெர்லினில் சிகிச்சை. 1760 அக்டோபரில் ரஷ்யர்கள் பெர்லின் வாசலுக்கு வந்தபோது படுக்கையில் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எழுந்துவந்து மதில் காவலை ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். ஆஸ்திரியர்களும் வந்து சேர்ந்ததும் நகரம் தாக்குப்பிடிக்கவில்லை. காவல்படை பக்கத்தில் இருந்த ஸ்பாண்டா கோட்டை நகருக்கு விலகிப் போனது. டோர்காவ் அதற்கு அடுத்த மாதம்.

காலாட்படை தெரியுமா என்று கேட்டீர்கள். 1762 அக்டோபர் 29, ஃப்ரைபெர்க். ஹென்ரி இளவரசரின் கீழ், காலாட்படையையும் சேர்த்து நடத்தினார். ஏழாண்டுப் போரின் கடைசிப் பெரிய சண்டை அது, பிரஷ்யர்களுக்கு வெற்றி.

ஏட்டுச்சுரை:
ஹோக்கிர்ஷையும் யாராவது சொல்லியிருக்கலாம். 1758 அக்டோபர் 14, விடியற்காலை இருட்டில் டௌன் வந்து பிரஷ்ய முகாமில் விழுந்த நாள். மன்னர் பிடிவாதமாக அந்த இடத்தில் முகாம் போட்டதால் வந்த வினை. தோற்ற படை பின்வாங்கும்போது ஆஸ்திரியர்கள் நெருங்காமல் பார்த்துக்கொண்டது சைட்லிட்ஸின் 108 ஸ்குவாட்ரன்கள். இதில் பாய்ச்சலும் இல்லை, வசனமும் இல்லை. அதனால்தான் கதைசொல்லிகள் கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது. பாருங்கள், நானே உங்கள் கட்சிக்கு ஆதாரம் தருகிறேன்.

மேகலா_வாசிப்பு:
போருக்குப் பிறகு? குடும்பம்?

நாணல்:
குடும்ப விஷயத்தில் நல்ல பெயர் இல்லை. இளமையில் குடியும் பெண்களும் அளவில்லாமல். மேகநோய் பிடித்து வாழ்நாள் முழுக்கப் படுத்தியது. காயங்கள் ஆற அத்தனை காலம் ஆனதற்கு அதுவும் காரணம் என்பார்கள். 1760-ல் ஹாக்கே பிரபு குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். கல்யாணம் நிலைக்கவில்லை.

வேலையில் மட்டும் குறை இல்லை. சைலீசியக் குதிரைப்படை முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆனார். 1767-ல் குதிரைப்படை ஜெனரல். பயிற்சி என்றால் சமதரையில் வட்டம் சுற்றுவது அல்ல. வேலி, வாய்க்கால், பள்ளம், மேடு எல்லாவற்றிலும் விட்டு ஓட்ட வேண்டும். பயிற்சியிலேயே ஆட்கள் கழுத்து முறிந்து சாகிறார்கள் என்று மன்னர் குறைபட்டபோது, 'சில கழுத்துக்காக இவ்வளவு அலட்டினால் களத்தில் உங்களுக்கு வேண்டிய வீரர்கள் கிடைக்க மாட்டார்கள்' என்றாராம். எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. செத்தது யார் வீட்டுப் பிள்ளையோ.

1772-ல் பக்கவாதம். மறுவருடம் மன்னர் நேரில் வந்து பார்த்தார். 1773 நவம்பரில் ஓலாவில் இறந்தார், வயது 52.

கோட்டைமேடு:
கழுத்து விஷயத்தில் நாணல் சொல்வதை ஏற்கிறேன். அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் சண்டை நாளில் இழப்பு குறைந்ததற்கும் அந்தப் பயிற்சிக்கும் தொடர்பு உண்டு. சேற்று ஓடையைக் கடந்து மறுகரையில் வரிசை சேரத் தெரியாத படை சோர்ன்டோர்ஃபில் சேற்றிலேயே செத்திருக்கும்.

அலைவாய்:
நான் கப்பல் பைத்தியம், எனக்கு சைட்லிட்ஸ் என்றால் முதல் உலகப் போரில் அந்தப் பெயரில் இருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல்தான். 1915 ஜனவரி 24 டாகர் மணற்திட்டுச் சண்டையில் பின்பக்கப் பீரங்கிக் கூண்டுகளில் தீப்பிடித்து 159 பேர் மாண்டார்கள். 1916 ஜட்லாந்தில் வயிறு நிறைய 5000 டன்னுக்கு மேல் தண்ணீரோடு மூழ்காமல் துறைமுகம் வந்து சேர்ந்தது. 1919 ஜூன் 21-ல் ஸ்காபா ஃப்ளோ என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். குதிரைக்காரர் பெயர் கப்பலுக்கு எப்படி என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை. இந்த இழை உபயம்.

செவ்வங்கி:
கடைசியாக ஒன்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறேன். பெர்லினில் பிரெடெரிக்கின் ஆறு தளபதிகளுக்குச் சிலை வைத்தார்கள். டாஸேர் செதுக்கிய சைட்லிட்ஸின் பளிங்குச் சிலை 1781-ல் வந்தது. ஷாடோ செதுக்கிய ஸீட்டன் 1794-ல். மூலச் சிலைகள் இப்போது போடே அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. வெண்கலப் பிரதிகளைத் திரும்ப நகருக்குள் வைத்திருக்கிறார்கள். சைட்லிட்ஸின் வெண்கலச் சிலை நிற்கும் இடத்தின் பெயர் ஸீட்டன் சதுக்கம். அண்ணன் என்ன சொல்கிறார்?

கோட்டைமேடு:
சிலை வந்த வருடத்தைப் பாருங்கள் தம்பி, 1781. உங்கள் ஆளுக்குப் பதின்மூன்று வருடம் முன்னால். டோர்காவ் பற்றித் தனி இழை திறங்கள், அங்கே வந்து கணக்குத் தீர்க்கிறேன்.